ரோமா மக்களிடையே கிறிஸ்தவ ஊழியம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஐரோப்பாவில் ரோமா மக்களிடையே நடைபெறும் ஊழியத்துக்காக ஜெபிக்கவும் காணிக்கை அனுப்பவும் விரும்பும் தமிழ்ச் சபையார் கேட்கும் கேள்விகளும், "ஏழைகளைக் குறிவைக்கும் மதமாற்றம்தானே இது?" என்று சபைக்கு வெளியே நின்று ஐயத்தோடு கேட்பவர்களின் கேள்விகளும் இங்கே கலந்தே இடம்பெறுகின்றன. இரு தரப்பாருக்கும் ஒரே பதில்தான் தரப்பட்டுள்ளது.

ரோமா மக்கள் யார்? அவர்களை "ஜிப்சி" என்று அழைப்பது தவறா?

ஐரோப்பாவில் வாழும் ரோமா மக்களின் தொகை ஒரு கோடி முதல் ஒரு கோடியே இருபது லட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. ருமேனியா, பல்கேரியா, ஹங்கேரி, ஸ்லோவாக்கியா, செர்பியா, வட மாசிடோனியா ஆகிய நாடுகளில் அவர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். ஸ்பெயினிலும் பிரான்ஸிலும் நூற்றாண்டுகளாக வேரூன்றிய குழுக்கள் உள்ளன. இவர்கள் எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று இடைக்கால ஐரோப்பியர் தவறாக எண்ணியதிலிருந்து பிறந்ததே "ஜிப்சி" என்னும் ஆங்கிலப் பெயர். கிழக்கு ஐரோப்பிய மொழிகளில் வழங்கும் "த்சிகான்" போன்ற சொற்கள் பல இடங்களில் வசைச்சொல்லாகவே ஒலிக்கின்றன. அவர்கள் மொழியாகிய ரொமானியில் "ரோம்" என்றால் ஆண், கணவன், தம்மவன் என்று பொருள். 1971 ஏப்ரல் 8 அன்று லண்டனுக்கு அருகே கூடிய முதல் உலக ரொமானி மாநாடு, பழைய பெயர்களை விலக்கி "ரோமா" என்ற பெயரையே முன்வைத்தது. ஆனாலும் ஸ்பெயினில் உள்ளவர்கள் தம்மைக் "கிதானோ" என்றே பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள். ஜெர்மனியில் "சிந்தி" என்றும் பிரான்ஸில் "மானுஷ்" என்றும் அழைக்கப்படும் குழுக்களுக்கு ரோமா என்ற பெயர் ஒட்டுவதில்லை. எனவே, எதிரில் இருப்பவர் தம்மை எப்படிச் சொல்லிக்கொள்கிறாரோ அப்படியே அழைப்பது நல்லது.

இன்னொரு திருத்தமும் இங்கேயே தேவைப்படுகிறது. ரோமா மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடோடிகள் அல்லர். கிழக்கு ஐரோப்பாவில் பலர் தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரின் ஓரத்தில் வாழ்பவர்கள். எஞ்சியிருந்த அலைகுடிகளையும் பொதுவுடைமை அரசுகள் கட்டாயப்படுத்திக் குடியமர்த்தின. செக்கோஸ்லோவாக்கியா 1958இல் இதற்கென்றே ஒரு சட்டம் இயற்றி, வண்டிகளின் சக்கரங்களைக் கழற்றச் செய்தது.

அவர்கள் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பது உண்மையா? நம் நரிக்குறவர்களுக்கு உறவினர்களா?

முதல் கேள்விக்கு ஆம் என்பதே பதில். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வடமேற்கு இந்தியப் பகுதியிலிருந்து புறப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் இவர்கள் என்பதை மொழியியலும் மரபணு ஆய்வும் உறுதிப்படுத்துகின்றன. ரொமானி மொழியில் தண்ணீர் "பானி", மூக்கு "நாக்", மனிதன் "மனுஷ்". இரண்டாவது கேள்விக்கு அவ்வளவு உறுதியான பதில் இல்லை. நரிக்குறவர்களின் வாக்ரிபோலியும் இந்திய ஆரிய மொழி என்பதைத் தவிர இருவருக்கும் நேரடியான தொடர்பு நிறுவப்படவில்லை. "ஐரோப்பாவின் நரிக்குறவர்" என்று மேடையில் சொல்வது கேட்க நன்றாக இருக்கலாம். இரு தரப்பாருக்கும் அது நியாயம் செய்வதாகாது.

தமிழ்க் கிறிஸ்தவர் ஒருவரை வியக்க வைப்பது வேறொன்று. ரொமானியில் கடவுளுக்குப் பெயர் "தேவெல்"; விளித்துக் கூப்பிடும்போது "தேவ்லா!" என்பார்கள். நம் பழைய வேதாகமத்தின் "தேவன்", ஜெபத்தில் நாம் கூப்பிடும் "தேவா!" ஆகியவற்றோடு இதை வைத்துப் பாருங்கள். சிலுவைக்கு அவர்கள் சொல்லும் சொல் "த்ருஷுல்", அதாவது நமக்குத் தெரிந்த திரிசூலம்தான். குருவானவரைக் குறிக்கும் "ரஷாய்" என்ற சொல் "ரிஷி" என்பதிலிருந்து வந்தது. இந்தியாவிலிருந்து எடுத்துச் சென்ற சொற்களுக்கு வழியில் புதுப் பொருள் ஏறியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் வாரத்துக்கும் வழங்கும் "குர்கோ" கிரேக்கத்திலிருந்தும், உயிர்த்தெழுதல் பண்டிகைக்கு வழங்கும் "பத்ராஜி" ஆர்மேனிய மொழியிலிருந்தும் வந்தவை. கிறிஸ்தவத்தை அவர்கள் எந்தெந்த ஊரில் சந்தித்தார்கள் என்பதற்கு இந்தச் சொற்களே சாட்சி.

அப்படியானால் அவர்கள் பல நூற்றாண்டுகளாகக் கிறிஸ்தவர்கள்தானே? மிஷனரி எதற்கு?

இது மிகச் சரியான கேள்வி. பொதுவாக ரோமா மக்கள் தாம் வாழும் நாட்டின் பெரும்பான்மைச் சமயத்தையே ஏற்றிருக்கிறார்கள். ருமேனியாவில் ஆர்த்தடாக்ஸ், ஸ்பெயினிலும் ஸ்லோவாக்கியாவிலும் கத்தோலிக்கம், பால்கன் நாடுகளின் சில பகுதிகளில் இஸ்லாம் என்று அது அமைந்துள்ளது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கு ஐரோப்பாவுக்குள் வந்த முதல் கூட்டங்கள், தாங்கள் பாவப்பரிகார யாத்திரை செய்யும் கிறிஸ்தவர்கள் என்று சொல்லி, அரசர்களின் பரிந்துரைக் கடிதங்களைக் காட்டி ஊருக்குள் இடம் கேட்டன. 1427இல் பாரிஸுக்கு வந்தவர்களிடம் கைரேகை பார்த்துக்கொண்ட நகரவாசிகளைப் பாரிஸின் ஆயர், திருச்சபையிலிருந்து விலக்கினார் என்று அக்காலக் குறிப்பு ஒன்று கூறுகிறது.

ஞானஸ்நானம் கிடைத்தது; பிள்ளைக்குப் பெயரிடவும் இறந்தவரை அடக்கம் செய்யவும் ஆலயம் பயன்பட்டது. ஆனால் ஆலயத்துக்குள் அவர்களுக்கு இருக்கை இல்லை. பின்சுவர் ஓரமாக நின்று திருப்பலி கண்டு, மற்றவர்கள் வெளியேறும் முன்பே நழுவிப் போவதுதான் பல ஊர்களில் வழக்கம். சிலுவையின் ஆணிகளை அடித்துக் கொடுத்தவன் ஒரு ஜிப்சிக் கொல்லன், ஆகவே அவன் இனம் அலையும்படி சபிக்கப்பட்டது என்று ஊரார் கதை கட்டினார்கள். இல்லை, நான்காவது ஆணியைத் திருடி இயேசுவின் வேதனையைக் குறைத்தவனே எங்கள் முன்னோன் என்று ரோமா மக்கள் அதே கதையைத் திருப்பிச் சொன்னார்கள். எனவே இங்கே ஊழியம் என்பது கிறிஸ்துவின் பெயரையே கேள்விப்படாதவர்களிடம் செல்வதாக இருக்கவில்லை. வாசல்வரை வந்து நின்றவர்களிடம், மிகத் தாமதமாக, சபை போய்ப் பேசியதே இந்த ஊழியம். சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் வைத்திருக்கும் நம் ஊர்ச் சபைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

திருச்சபையே அவர்களை அடிமைகளாக வைத்திருந்தது என்கிறார்களே?

ஆம். இன்றைய ருமேனியாவின் பகுதிகளாகிய வல்லாக்கியாவிலும் மொல்தாவியாவிலும் ரோமா மக்கள் ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் அடிமைகளாக இருந்தனர். அவர்களைப் பற்றி அங்கே கிடைக்கும் மிகப் பழைய ஆவணம் 1385ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நாற்பது ரோமா குடும்பங்கள் திஸ்மானா மடத்தின் உடைமை என்று அரசன் எழுதிக் கொடுத்த உறுதிப்பத்திரம் அது. நிலம், ஆலை, தேன்கூடு என்று நீளும் சொத்துப் பட்டியலில் மனிதக் குடும்பங்களும் ஒரு வரியாக எழுதப்பட்டன. அரசனின் அடிமைகள், பிரபுக்களின் அடிமைகள், மடங்களின் அடிமைகள் என மூன்று வகை இருந்தது. மடங்களின் அடிமைகள் மொல்தாவியாவில் 1844இலும் வல்லாக்கியாவில் 1847இலும் விடுவிக்கப்பட்டனர். பிரபுக்களின் அடிமைகள் விடுதலை பெற 1855, 1856 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. விடுதலையோடு நிலம் தரப்படவில்லை. உடையவர்களுக்கே இழப்பீடு தரப்பட்டது.

இதை அறியாமல் ருமேனியாவுக்கு ஊழியத்துக்குப் போகக் கூடாது என்பது என் கருத்து. "சபைமீது ஏன் இவர்களுக்கு நம்பிக்கை இல்லை?" என்று அங்கே போய்க் கேட்கிறவர், தாம் எதையும் படிக்கவில்லை என்பதையே காட்டிக்கொள்கிறார். இதற்குப் பிறகுதான் நாஜிகளின் இனப்படுகொலை வருகிறது. கொல்லப்பட்டோர் தொகை இரண்டு லட்சம் முதல் ஐந்து லட்சம் வரை வெவ்வேறாக மதிப்பிடப்படுகிறது. 1944 ஆகஸ்ட் 2 இரவில் மட்டும் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவு முகாமில் எஞ்சியிருந்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட ரோமா, சிந்தி மக்கள் நச்சுவாயு அறைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

பெந்தெகொஸ்தே எழுப்புதல் எவ்வாறு தொடங்கியது?

முன்னோடிகள் சிலர் உண்டு. லண்டனுக்கு அருகே எப்பிங் காட்டில் ஒரு கூடாரத்தில் 1860இல் பிறந்து, பள்ளிக்கூடம் போகாமலே எழுத்தறிந்து, பல கண்டங்களில் பிரசங்கித்த ராட்னி "ஜிப்சி" ஸ்மித் அவர்களில் ஒருவர். பல்கேரியாவில் தன்யூப் நதிக்கரை நகரமான லோமுக்கு அருகிலுள்ள கொலின்த்சி என்ற இடத்தில் 1920களில் ரோமா மக்களுக்கென்றே ஒரு பாப்டிஸ்ட் சபை உருவானது. ஆயினும் பேரலையாக எழுந்தது பிரான்ஸில்தான்.

1950இல் நார்மண்டியின் லிசியூ நகரில், வண்டியில் வாழும் குடும்பத்தைச் சேர்ந்த தாய் ஒருவர், சந்தையில் தம் கையில் திணிக்கப்பட்ட ஒரு துண்டுப் பிரசுரத்தை வைத்துக்கொண்டு பெந்தெகொஸ்தே சபையைத் தேடிப் போனார். மருத்துவர்கள் கைவிட்ட தம் மகன் ஜெபத்தால் குணமடைந்தான் என்பது அந்தக் குடும்பத்தின் சாட்சி. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு பிரெஸ்ட் நகரில் அந்தக் குடும்பத்தார் பிரான்ஸின் பிரிட்டனி பகுதியைச் சேர்ந்த போதகர் கிளெமாங் லெ கொசெக்கைச் சந்தித்தனர். ஞானஸ்நானம் கேட்டவர்களில் பலருக்கு அரசுப் பதிவேட்டில் திருமணம் பதியப்படவில்லை. அதைக் காரணம் காட்டி மற்ற போதகர்கள் தயங்கியபோது, இனத்தின் முன் செய்துகொண்ட மணவாழ்வை மதித்து அவர் ஞானஸ்நானம் கொடுத்தார். அதைவிடப் பெரியது அடுத்து அவர் செய்தது. பிரசங்கிக்க வெளியாரை அழைத்து வராமல், எழுதப் படிக்கத் தெரியாத ரோமா ஆண்களுக்கே எழுத்தையும் வேதத்தையும் ஒருசேரக் கற்பித்து, அவர்களையே போதகர்களாக்கினார். "வாழ்வும் ஒளியும்" என்ற பெயரில் வளர்ந்த இந்த இயக்கம் 1975இல் பிரான்ஸின் புராட்டஸ்டண்ட் கூட்டமைப்பில் சேர்ந்தது. லெ கொசெக் 2001இல் காலமானார்.

இன்றும் ஆண்டுதோறும் மே மாதத்தில் லுவார் ஆற்றுக்கு அருகேயுள்ள நெவுவா என்ற சிற்றூரின் நிலப்பரப்பில் பல்லாயிரம் பேர் தம் வீட்டு வண்டிகளோடு கூடுகிறார்கள். கோடையில் இவர்களின் கூட்டங்கள் ஊர் ஊராக நகரும்போது நகர மேயர்களோடு தகராறும் கூடவே நகர்கிறது. ஐயாயிரம் பேருக்கு மேல் வாழும் ஒவ்வொரு ஊரும் வண்டிகள் தங்க இடம் ஒதுக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஒதுக்காத ஊர்கள் பல.

ஸ்பெயினில் இது எப்படிப் பரவியது?

திராட்சை அறுவடை வழியாகப் பரவியது என்றால் மிகையாகாது. கூலி வேலைக்குப் பிரான்ஸ் போய் அங்கே மனம் திரும்பிய கிதானோக்கள் 1960களில் ஊர் திரும்பித் தம் உறவினரிடம் பேசினார்கள். சர்வாதிகாரி ஃபிராங்கோவின் ஆட்சியில் கத்தோலிக்கமல்லாத எந்தக் கூட்டமும் சந்தேகத்துக்கு உரியதாக இருந்தபோதும் அது வளர்ந்தது. அவர்களின் "ஃபிலதெல்பியா சுவிசேஷ சபை" 1969இல் அரசின் அங்கீகாரம் பெற்றது. அக்கம்பக்கத்தார் இவர்களுக்கு வைத்த கேலிப் பெயர் "அல்லேலூயாக்கள்".

மாலையானால் கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்த ஒரு கூடத்தின் ஷட்டர் மேலே போகிறது. உள்ளே பிளாஸ்டிக் நாற்காலிகள், ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். கித்தாரும் பெட்டி மேளமும் கைத்தட்டலும் ஃபிளமென்கோவின் தாளத்திலேயே துதிப்பாடலைத் தூக்கிச் செல்கின்றன. இதைக் "குல்த்தோ" என்கிறார்கள். வாரத்தில் பெரும்பாலான நாட்களில் நடக்கும். போதகர்கள் ஒரே ஊரில் நிலைத்துவிடாமல் இடம் மாற்றப்படுகிறார்கள். 1980களில் ஹெராயின் கிதானோ இளைஞர்களை வாரிக்கொண்டு போன காலத்தில், வீட்டு வாசலில் வந்து நின்று பிள்ளையைக் கேட்டவர்கள் இந்தப் போதகர்கள்தான் என்பதைச் சபைக்கு வெளியே உள்ளவர்களும் மறுப்பதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை என்ன செய்திருக்கிறது?

நீண்ட கால அலட்சியத்துக்குப் பிறகு பல நல்ல காரியங்களைச் செய்திருக்கிறது. 1965 செப்டம்பர் 26 அன்று ரோம் நகருக்கு அருகே பொமேசியாவில் இருந்த ரோமா முகாமுக்குச் சென்ற திருத்தந்தை ஆறாம் பவுல், நீங்கள் திருச்சபையின் ஓரத்தில் அல்ல, அதன் இதயத்தில் இருக்கிறீர்கள் என்று அவர்களிடம் கூறினார். ஸ்பெயின் உள்நாட்டுப் போரின்போது, கைது செய்யப்பட்ட ஒரு குருவானவருக்காகப் பரிந்து பேசி, ஜெபமாலையைக் கைவிட மறுத்ததால் 1936இல் சுட்டுக் கொல்லப்பட்ட குதிரை வியாபாரி செபெரீனோ ஹிமேனெஸ் மாயா, 1997இல் அருளாளராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலைக்கு, உயர்த்தப்பட்டார். ரோமா இனத்திலிருந்து அந்த நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் மனிதர் அவர். 2019 ஜூன் 2 அன்று ருமேனியாவின் பிளாஜ் நகரில் ரோமா மக்களைச் சந்தித்த திருத்தந்தை பிரான்சிஸ், திருச்சபையின் பெயரால் அவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். 2021இல் ஸ்லோவாக்கியாவின் கொஷிசே நகரிலுள்ள லூனிக் 9 குடியிருப்புக்கும் சென்றார்; அங்கே 2008 முதல் சலேசியர்கள் என்னும் கத்தோலிக்கத் துறவற சபையினர் தங்கிப் பணிபுரிகிறார்கள்.

எனக்குப் பிடித்த கதை இவற்றைவிடச் சிறியது. ஹங்கேரியின் வடகிழக்கில் ஹொடாஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. 1941இல் அங்கே பங்குப் பொறுப்பேற்ற கிரேக்கக் கத்தோலிக்கக் (திருத்தந்தையை ஏற்று, கீழைத் திருச்சபையின் பைசாந்திய முறையில் வழிபடும் பிரிவு) குருவானவர் மிக்லோஷ் ஷோயா, ஊரார் முகம் சுளித்தபோதும் ரோமா குடியிருப்புக்குப் போகத் தொடங்கினார். அவர்கள் ஆலயத்துக்கு வராததைக் குற்றமாகப் பேசாமல், ஆலயத்தையே அங்கே கொண்டுபோனார். குடியிருப்பின் நடுவே ஒரு மண்கல் வீடு சிற்றாலயமாயிற்று. அவர்களின் மொழியைக் கற்று, பைசாந்திய வழிபாட்டை ரொமானிக்கு மொழிபெயர்த்தார். நாற்பது ஆண்டுகள் அதே ஊரில் இருந்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

ரொமானி மொழியில் வேதாகமம் உண்டா?

ரொமானி ஒரே மொழியாக இல்லாமல் பல வழக்குகளாகக் கிடக்கிறது. ஒரு வழக்கு பேசுகிறவருக்கு மற்றொன்று எளிதில் விளங்குவதில்லை. ஸ்பெயினில் பைபிள் சங்கத்தின் முகவராக இருந்த ஜார்ஜ் பாரோ, லூக்கா சுவிசேஷத்தைக் கிதானோக்களின் காலோ வழக்கில் 1837இல் மத்ரித்தில் வெளியிட்டார். அடுத்த ஆண்டு அதன் விற்பனை தடுக்கப்பட்டு அவரும் சில நாட்கள் சிறையில் இருந்தார். ஹங்கேரியின் லோவாரி வழக்கில் முழு வேதாகமமும் 2008இல் வெளிவந்தது. வேறு பல வழக்குகளில் புதிய ஏற்பாடோ தனி சுவிசேஷங்களோ கிடைக்கின்றன. கேட்கும் ஒலிப்பதிவுகள் அச்சுப் புத்தகத்தைவிட அதிகம் பயன்படுகின்றன. காரணம், தாய்மொழியைப் பேசுகிற பலர் அதை எழுத்தில் ஒருபோதும் கண்டதில்லை. பள்ளிக்கூடத்தில் திட்டு வாங்கித் தந்த மொழி சபையில் மேடை ஏறுவதைக் காண்பது பெரியவர்களுக்குத் தனி அனுபவமாக இருக்கிறது.

அவர்களின் வறுமை எத்தகையது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் அடிப்படை உரிமைகள் முகமை 2021இல் நடத்திய ஆய்வில், ரோமா மக்களில் 80 விழுக்காட்டினர் வறுமை அபாயத்தில் இருப்பதாகவும், 22 விழுக்காட்டினரின் வீட்டுக்குள் குழாய்த் தண்ணீர் இல்லை என்றும் தெரியவந்தது. இது ஐரோப்பாவின் கணக்கு என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கிழக்கு ஸ்லோவாக்கியாவில் இத்தகைய குடியிருப்பை "ஒசாதா" என்பார்கள். ஊரும் காலனியும் பிரிந்து கிடப்பதைப் பார்த்து வளர்ந்த தமிழருக்கு அந்த அமைப்பு உடனே புரிந்துவிடும். ஊரின் தார்ச்சாலை முடிகிறது, ஓடையைத் தாண்டி மண்பாதை தொடங்குகிறது, பாதையின் முடிவில் பலகையும் தகரமும் களிமண்ணும் சேர்த்துக் கட்டிய வீடுகள் நிற்கின்றன. வீடு நிற்கும் நிலத்துக்குப் பட்டா இல்லை; பட்டா இல்லாததால் குடிநீர் இணைப்பும் இல்லை. பனிக்காலத்தில் விறகு வெட்டினால் வனத்துறையின் அபராதம். வெட்டாவிட்டால் குழந்தைக்கு நிமோனியா. அரசு உதவித்தொகை வரும் நாளில் கந்துவட்டிக்காரர் காத்திருப்பார். அவரும் பெரும்பாலும் அதே குடியிருப்பில் வாழ்பவர்தான்.

ஊழியத்தால் வாழ்க்கை மாறுகிறதா? அல்லது பாட்டோடும் கண்ணீரோடும் முடிந்துவிடுகிறதா?

இரண்டும் நடக்கிறது. ஸ்லோவாக்கியாவில் இனவியலாளர்கள் இதைக் களத்தில் ஆராய்ந்து 2010இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். குடி, சூதாட்டம், வட்டிக்குக் கொடுப்பது, மனைவியை அடிப்பது ஆகியவற்றைப் புதிய சபைகள் வெளிப்படையாகக் கண்டிப்பதால், குடும்பத்தின் கையில் பணம் தங்குகிறது. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறார்கள். வேதம் வாசிக்க வேண்டும் என்பதற்காகவே நாற்பது வயதில் எழுத்துக் கற்றவர்கள் உண்டு. ஊரார் சாலையில் நின்று வணக்கம் சொல்லத் தொடங்குவதும் நடக்கிறது. இவை சிறிய மாற்றங்கள் அல்ல.

ஆனால் வேலைக்கு விண்ணப்பித்தவரின் குடும்பப் பெயரைப் பார்த்ததும் "இடம் நிரம்பிவிட்டது" என்று சொல்லும் முதலாளியை அந்த ஜெபக்கூட்டம் மாற்றிவிடுவதில்லை. செக் நாட்டின் ஒஸ்த்ராவாவில் ரோமா குழந்தைகளை மனவளர்ச்சி குன்றியோருக்கான பள்ளிகளில் சேர்த்துவந்த வழக்கத்தை எதிர்த்துப் பதினெட்டு மாணவர்கள் வழக்குத் தொடர்ந்தனர்; 2007 நவம்பர் 13 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது பாகுபாடே என்று தீர்ப்பளித்தது. அந்த வெற்றியை வாங்கித் தந்தவர்கள் வழக்கறிஞர்களும் துணிந்த பெற்றோர்களும். குடிக்காதே என்று ரோமா இளைஞனிடம் சொல்லும் சபை, அவனை வேலைக்கு எடு என்று அதே ஊரின் கிறிஸ்தவ முதலாளியிடமும் சொல்கிறதா என்பதுதான் நான் எந்த ஊழியத்தைப் பற்றியும் முதலில் விசாரிப்பது. ஹங்கேரியில் கத்தோலிக்க, சீர்திருத்த, லூத்தரன் சபைகள் சேர்ந்து 2011 முதல் நடத்திவரும் ரோமா கல்லூரி விடுதிகளின் வலையமைப்பை இந்தக் காரணத்தாலேயே நான் மதிக்கிறேன். அங்கே தங்குகிறவர்கள் பல்கலைக்கழகப் பட்டத்தோடு வெளியே வருகிறார்கள்.

அரிசியும் துணியும் கொடுத்து மதம் மாற்றுகிறார்கள் என்பது உண்மைதானா?

சில இடங்களில் உண்மைதான். 1989க்குப் பிறகு எல்லைகள் திறந்தபோது மேற்கிலிருந்து வண்டி வண்டியாகப் பழைய துணி வந்து இறங்கியது. கூட்டத்துக்கு வந்தால் பொட்டலம் என்ற ஏற்பாட்டில் ஒரே குடும்பம் திங்கட்கிழமை ஒரு சபைக்கும் வியாழக்கிழமை இன்னொரு சபைக்கும் போனதில் வியப்பில்லை. பசியுள்ளவர் கணக்குப் பார்ப்பதைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பொட்டலத்தை வழிபாட்டோடு கட்டியவர்கள்மீதுதான் குற்றம். உதவி எல்லா வீட்டுக்கும் ஒன்றுபோலப் போக வேண்டும். அதைப் பெற ஆலயப் படி ஏற வேண்டியிருக்கக் கூடாது.

பழைய துணியிலேயே இன்னொரு சிக்கலும் உண்டு. சில ரோமா குழுக்களில் தீட்டு, துப்புரவு பற்றிய விதிகள் மிகக் கடுமையானவை. அத்தீட்டை "மரிமே" என்பார்கள். இடுப்புக்கு மேலே உடுத்துவதையும் கீழே உடுத்துவதையும் ஒரே தொட்டியில் துவைக்க மாட்டார்கள். அத்தகைய வீட்டில், யாரோ உடுத்திக் கழித்த பாவாடையை அன்பளிப்பாக நீட்டுவது அவமதிப்பாகவே கொள்ளப்படலாம்.

முஸ்லிம் ரோமா மக்களிடையேயும் ஊழியம் நடக்கிறதா?

நடக்கிறது. பல்கேரியாவில் துருக்கி மொழி பேசும் ரோமா மக்கள் பலர் சுவிசேஷ சபைகளில் சேர்ந்திருக்கிறார்கள். வட மாசிடோனியத் தலைநகர் ஸ்கோப்யேயின் ஷூதோ ஒரிசாரி போன்ற, ரோமா மக்களே பெரும்பான்மையாக வாழும் பகுதிகளில் இஸ்லாமே முதன்மைச் சமயம். அங்கே ஒருவர் சமயம் மாறுவது அவருடைய குடும்பத்தின் திருமணம், இறப்பு, விருந்து அனைத்தையும் தொடுவதால், வெளியூர் ஊழியர் அவசரப்படக் கூடாது.

நாங்கள் பணம் சேர்த்து ஒரு குழந்தைகள் இல்லம் கட்டிக் கொடுக்கலாமா?

வேண்டாம் என்பதே என் பதில். 18ஆம் நூற்றாண்டில் ஹாப்ஸ்பர்க் அரசி மரியா தெரேசா, ரோமா மக்களை "நல்ல கிறிஸ்தவர்களாக" ஆக்குவதற்கென்று அவர்களின் மொழியைத் தடைசெய்ததோடு, பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து விவசாயக் குடும்பங்களில் வளர்க்கவும் ஆணையிட்டார். பிள்ளைகள் ஓடி ஓடித் தாயிடமே திரும்பினார்கள். இன்றும் கிழக்கு ஐரோப்பாவின் அரசு இல்லங்களில் ரோமா குழந்தைகளே மிகுதி. அவர்களில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்கள். பெற்றவர்களைப் பிள்ளையோடு வைத்திருக்க உதவும் செலவு, அதாவது கூரை, விறகு, பேருந்துக் கட்டணம், பள்ளி முடிந்தபின் பாடம் சொல்லித் தரும் ஒரு ரோமா ஆசிரியையின் சம்பளம், கட்டடத்தைவிடக் குறைவாகவே இருக்கும். திறப்பு விழாக் கல்வெட்டில் பெயர் மட்டும் வராது.

பத்து நாள் பயணமாகப் போய்வருவதில் பயன் உண்டா?

போகிறவருக்குப் பயன் உண்டு. போன இடத்துக்குப் பயன் இருக்க வேண்டுமானால், அங்கே ஆண்டு முழுதும் இருக்கும் சபை உங்களை அழைத்திருக்க வேண்டும். சுற்றுலா விசாவில் சென்று பொதுக்கூட்டம் நடத்தலாமா என்பதை அந்தந்த நாட்டுத் தூதரகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்லோவாக்கியாவில் ஒரு சபை அரசுப் பதிவு பெற 50,000 வயதுவந்த உறுப்பினர்களைக் காட்ட வேண்டும் என்று 2017 முதல் சட்டம் இருப்பதால், பல சிறு ரோமா சபைகள் வெறும் சங்கங்களாகவே இயங்குகின்றன. உங்கள் கூட்டத்தால் அவர்களுக்குத் தொல்லை வரக் கூடாது.

புகைப்படம் பற்றியும் ஒரு வார்த்தை. சேற்றில் வெறுங்காலோடு நிற்கும் குழந்தையின் படம் காணிக்கையைக் கூட்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தக் குழந்தையின் தாய்க்கும் செல்பேசி இருக்கிறது. நீங்கள் எழுதிய தலைப்பை மொழிபெயர்த்துப் படிக்கவும் அவருக்குத் தெரியும். உங்கள் பிள்ளையின் படத்தை எந்த நிலையில் வெளியிடச் சம்மதிப்பீர்களோ, அந்த நிலையில் எடுங்கள்.

அங்கே போனால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டிய சொற்கள் எவை?

பகலில் சந்தித்தால் "லாச்சோ தீவெஸ்", அதாவது நல்ல நாள். வீட்டுக்குள் அழைத்துக் காப்பி கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். அவர்கள் வீட்டுக் கோப்பையில் வெளியார் வாய்வைக்கத் தயங்குவதை அவர்கள் பல தலைமுறையாகக் கவனித்து வந்திருக்கிறார்கள். விடைபெறும்போது புறப்படுகிறவர் "ஆச் தேவ்லேசா" என்பார். கடவுளோடு இருங்கள் என்று பொருள். வாசலில் நிற்பவர் "ஜா தேவ்லேசா" என்பார், கடவுளோடு போய்வாருங்கள்.